மேக்கில் ரயில் ஓட்டப் போய்ப் பர்ஸ் இளைத்த கதை

மேக் லேப்டாப்பும் ரயில் பைத்தியமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு நானே சாட்சி. ஏறக்குறைய 20,000 ரூபாய் போனது. அதில் பாதிக்கு மேல் இப்போது எந்தப் பயனும் இல்லாமல் கிடக்கிறது. பணத்தைவிடப் போன மாலை நேரங்கள்தான் அதிகம். கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுகள் மேக்கில் ஓடுமா என்று தமிழில் தேடினால் யாரும் எழுதியதாகக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்ததெல்லாம் "ஓடும்" என்று ஒருவர், "ஓடாது" என்று இன்னொருவர். இரண்டுமே உண்மைதான் என்று புரியவே எனக்கு வெகுநாள் ஆயிற்று.

கல்லூரி நாட்களில் எனக்குப் பழக்கமானது மைக்ரோசாஃப்ட் ட்ரெய்ன் சிமுலேட்டர். 2001-ல் வந்தது. அமெரிக்காவின் மரியாஸ் கணவாய், இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல், ஆஸ்திரிய மலைத்தடம், ஜப்பானில் இரண்டு என்று மொத்தம் ஆறு தடங்கள். நம் ஊர் ரயில் ஒன்றுகூட இருக்காது. ஆனால் இந்திய ஆர்வலர்கள் டபிள்யூஏபி-4, டபிள்யூடிஎம்-2 என்று எஞ்சின்களையும் நீல நிறப் பெட்டிகளையும் தாங்களே செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். அதையெல்லாம் சேர்த்து ஓட்டிய சுகம் தனி. அப்புறம் வேலை, குடும்பம் என்று விட்டுப்போனது. பக்க வடிவமைப்பு வேலைக்காக மேக்புக் ஏர் வாங்கினேன், ஆப்பிளின் சொந்த எம்1 சில்லு, 8 ஜிபி நினைவகம். பழைய டெஸ்க்டாப்பை அக்கா வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. லேப்டாப் வாங்கும்போது கடைக்காரரிடம் "கேம் ஓடுமா?" என்று கேட்டேன். "எல்லாமே ஓடும் சார், இதோட ஸ்பீடுக்கு" என்றார். வேகத்தைப் பற்றி அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் கேட்டது வேறு, அவர் பதில் சொன்னது வேறு.

ஆசை திரும்ப வந்தது ஒரு தள்ளுபடி விற்பனையில். ட்ரெய்ன் சிமுலேட்டர் கிளாசிக் என்று இப்போது பெயர் மாறியிருக்கிற விளையாட்டு, இங்கிலாந்தின் டவ்டெயில் கேம்ஸ் வெளியிடுவது. 2009-ல் ரெயில்வொர்க்ஸ் என்று தொடங்கியது. அடிப்படை விளையாட்டு மலிவு. ஆனால் அதற்கான தடங்களும் எஞ்சின்களும் ஒவ்வொன்றும் தனி விலை. எல்லாவற்றையும் வாங்கினால் ஒரு கார் வாங்கலாம் என்று அதன் ரசிகர்களே கேலி செய்வார்கள். ஸ்டீம் என்கிற அசல் இணைய விளையாட்டுக் கடையைவிடக் குறைந்த விலைக்கு உரிமக் குறியீடுகளை விற்கிற வேறொரு தளத்தில் விளையாட்டு ஒன்று, தடங்கள் மூன்று, எஞ்சின்கள் சில என்று 6,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினேன். குறியீட்டைப் போட்டதும் ஸ்டீம் கணக்கில் எல்லாம் அழகாக வரிசைகட்டி நின்றன. நிறுவும் பொத்தானைத்தான் காணோம்.

அக்கா மகன் அப்போது வீட்டுக்கு வந்திருந்தான். எட்டிப் பார்த்து, "மாமா, இதுல விண்டோஸ் சின்னம் மட்டும்தானே இருக்கு, ஆப்பிள் சின்னமே இல்லையே" என்றான். அவ்வளவுதான் விஷயம். ஸ்டீமில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் அது எந்த இயங்குதளத்துக்கு என்று சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். ஆனால் மேக்கில் உட்கார்ந்துகொண்டு விண்டோஸுக்கு மட்டுமான விளையாட்டை வாங்க அது தடை செய்யாது. பணத்தை வாங்கிக்கொண்டு நூலகத்தில் சேர்த்துவிடும். ஆகவே விலையைப் பார்க்கும் முன் அந்தச் சின்னத்தைப் பாருங்கள். தேடும்போதே மேக்ஓஎஸ் வடிகட்டியைப் போட்டுவிடுவது இன்னும் நல்லது. போட்டால் ரயில் பட்டியல் எவ்வளவு சுருங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். ட்ரெய்ன் சிம் வேர்ல்டு வரிசை முழுக்க விண்டோஸுக்கும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸுக்கும்தான். போலந்துத் தடங்களுக்குப் பேர்போன சிம்ரெயில், சரக்கு ரயில்காரர்கள் கொண்டாடுகிற ரன்8, ஜெர்மன்காரர்களின் ஜூஸி, எல்லாமே விண்டோஸ்தான்.

பணம் திரும்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீமிலேயே நேரடியாக வாங்கியிருந்தால், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் கேட்டால் திருப்பித் தருவார்கள். வெளித்தளங்களில் வாங்கிய குறியீட்டுக்கு அது பொருந்தாது. எனக்கு விற்ற தளமோ, குறியீட்டைத் திறந்து பார்த்துவிட்டால் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. மேக்கில் பரீட்சை பார்க்கப் போகிறவர்கள் 100, 200 ரூபாய் அதிகமானாலும் அசல் கடையிலேயே வாங்குங்கள். இன்னொன்று, அந்த 2 மணி நேரக் கணக்கு விளையாட்டு திறந்திருக்கும் நேரத்தைப் பார்க்கிறது. அமைப்புகளை நோண்டிக்கொண்டிருப்பதும், ஏறாத தடத்துக்காகக் காத்திருப்பதும் அதில் சேரும். அதனால் முதல் முறை திறக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு தடத்தில் எஞ்சினை நகர்த்த முடிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

வாங்கியது வீணாகக் கூடாது என்ற வைராக்கியத்தில் அடுத்த செலவு தொடங்கியது. பழைய நண்பன் ஒருவன், "பூட் கேம்ப் போட்டு விண்டோஸ் ஏத்திருடா" என்றான். இன்டெல் சில்லு இருந்த மேக்குகளுக்கு அது சரி. 2006 முதல் அந்த வசதி இருந்தது. 2020 நவம்பரில் எம்1 வந்ததும் அது போயிற்று. எம் வரிசைச் சில்லு எதிலும் பூட் கேம்ப் கிடையாது. உடனே பழைய இன்டெல் மேக் ஒன்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்கிப் போடலாமா என்று புத்தி போனது. ஒருவர் 2017 மேக்புக் ஏர் ஒன்றைக் காட்டி 22,000 சொன்னார். நல்லவேளை, வீட்டில் "ரயில் ஓட்ட இன்னொரு கம்ப்யூட்டரா?" என்று ஒரே கேள்வியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது யோசித்தால் அந்தக் கேள்விக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த மாடலில் இருப்பது இன்டெல் எச்டி 6000 கிராஃபிக்ஸ். அலுவலகக் கோப்புகளுக்குப் போதும், மரமும் கட்டடமும் நிறைந்த ரயில் தடத்துக்குப் போதாது. தவிர, இன்டெல் மேக்குகளில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் முடித்துக்கொண்டது. அந்தக் காசுக்குப் பழைய விண்டோஸ் டெஸ்க்டாப் ஒன்றில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டு வாங்கினால் மேக்கோடு மல்லுக்கட்டவே வேண்டாம். உங்களுக்கு முக்கியம் ரயில்தான், கணினி எதுவாக இருந்தாலும் சரி என்றால், இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிட்டு அதைச் செய்துவிடலாம். எனக்கு மேசையில் இடம் இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை.

மிச்சமிருந்த வழிகள் இரண்டு. ஒன்று, மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினியாக ஓட்டுவது. பேரலல்ஸ் இதற்குப் பிரபலம். அதில் விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பை (எம் வரிசை மாதிரிச் சில்லுகளுக்கானது) ஓட்ட மைக்ரோசாஃப்ட் 2023-ல் அதிகாரபூர்வமாகச் சம்மதம் கொடுத்தது. 14 நாள் சோதனையில் போட்டுப் பார்த்தேன். திறந்தது, தடமும் ஏறியது. ஆனால் என்னிடம் இருப்பதே 8 ஜிபி. அதில் பாதியை விண்டோஸுக்குக் கொடுத்தால் மேக்குக்கு மூச்சு முட்டுகிறது. எம் வரிசையில் கிராஃபிக்ஸுக்கும் அதே நினைவகத்தில் இருந்துதான் பங்கு போக வேண்டும். ஸ்டேஷன் நெருங்கும்போதெல்லாம் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. 16 ஜிபி வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழியாக இருக்கலாம். ஆனால் விண்டோஸ் விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்துகிற டைரக்ட்எக்ஸ் இதில் 11 வரைதான், 12 கேட்கிற விளையாட்டு ஓடாது. 8 ஜிபிக்காரர்கள் சோதனைக் காலம் முடியும் முன் நடையைக் கட்டிவிடுங்கள். நான் கட்டவில்லை. ஓராண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் அதைத் திறப்பதையே விட்டேன்.

இரண்டாவது வழி கிராஸ்ஓவர். இது விண்டோஸை ஏற்றுவதில்லை. விண்டோஸ் நிரல் கேட்பதையெல்லாம் மேக்குக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது. வைன் என்ற பழைய திறமூலத் திட்டத்தின் மேல் கட்டியது. இதற்கும் 14 நாள் சோதனை உண்டு. இதில் எனக்குக் கிடைத்த முதல் ஆச்சரியம், பழைய விளையாட்டுதான் நன்றாக ஓடுகிறது என்பது. ட்ரெய்ன் சிமுலேட்டர் கிளாசிக் டைரக்ட்எக்ஸ் 9 காலத்து ஆள். அதை ஆப்பிளின் கிராஃபிக்ஸ் முறையான மெட்டலுக்கு மாற்றுவதில் கிராஸ்ஓவருக்குப் பெரிய சிரமம் இல்லை. ட்ரெய்ன் சிம் வேர்ல்டு மாதிரி அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு மென்பொருளில் செய்த புதியவற்றுக்கு, ஆப்பிள் 2023-ல் வெளியிட்ட கேம் போர்ட்டிங் டூல்கிட்டில் இருக்கிற டி3டிமெட்டல் என்ற மாற்றியைக் கிராஸ்ஓவர் அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். என் மெஷினில் அது திறந்தது, ஓட்டும் அளவுக்கு இல்லை. விசிறியே இல்லாத ஏர் அது. அரை மணி நேரத்தில் அடிப்பக்கம் தோசைக்கல் ஆகிவிடும், சில்லு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் சீராக ஓடியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சோதனைக் காலத்தில் ஒரு முழுப் பயணத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை ஓட்டிப் பாருங்கள். சிக்கல் எப்போதும் பெரிய ஸ்டேஷனுக்குள் நுழையும்போதுதான் வரும்.

சரி, விளையாட்டு ஓடுகிறது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ரயில் விளையாட்டில் உண்மையான சொத்து, கூடுதலாகச் சேர்க்கிற தடங்களும் எஞ்சின்களும், அதாவது ஆட்ஆன்கள்தான், மேக் உங்களைப் பிடித்து நிறுத்துவதும் அங்கேதான். ஸ்டீம் வழியாக வந்த தடங்கள் தானாக இறங்கிவிட்டன. ஆனால் ஆர்வலர்கள் செய்கிற இலவசப் பொதிகளும், தனிக்கடைகள் விற்கிற மேம்படுத்தல் பொதிகளும் பெரும்பாலும் விண்டோஸின் இஎக்ஸ்இ நிறுவிகளாக வரும். அவற்றை மேக்கில் இரண்டு முறை தட்டினால் ஒன்றும் நடக்காது. விளையாட்டு இருக்கிற அதே பாட்டிலுக்குள் அந்த நிறுவியை ஓட்ட வேண்டும். கிராஸ்ஓவரில் ஒவ்வொரு விண்டோஸ் சூழலுக்கும் பாட்டில் என்று பெயர். நான் ஒவ்வொன்றுக்கும் புதுப் பாட்டில் உருவாக்கினேன், நிறுவிகள் எல்லாம் "வெற்றி" என்று சொல்லின, விளையாட்டில் மட்டும் எதுவும் தெரியவில்லை. சில பொதிகள் ஆர்டபிள்யூபி வடிவில் வரும். அவற்றை விளையாட்டோடு வருகிற யூட்டிலிடீஸ் நிரலைத் திறந்து உள்ளே இழுக்க வேண்டும். வேறு சில, ஏபி என்று முடிகிற கோப்புகளைப் பிரித்துப் போடச் சொல்லும். அவை உள்ளே வெறும் ஜிப் கோப்புகள்தான், பயப்பட வேண்டாம்.

இதைவிட முக்கியமானது, ஒரு பொதிக்கு வேறு என்னென்ன பொதிகள் தேவை என்ற பட்டியல். இலவசத் தடம் ஒன்றை ஆசையாக இறக்குவீர்கள். அதில் நிற்கிற மரம் ஒரு காசுத் தடத்திலிருந்து, சிக்னல் இன்னொரு காசுத் தடத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். அவை உங்களிடம் இல்லையென்றால் தண்டவாளம் வெட்டவெளியில் போகும். இலவசத்துக்காக 2,000 ரூபாய் செலவழித்து முடித்தபோதுதான் எனக்கு இந்தக் கணக்கு புரிந்தது. இப்போதெல்லாம் "தேவையானவை" என்ற பகுதியை முதலில் படித்துவிட்டுத்தான் படங்களையே பார்க்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய்க் கிராஸ்ஓவரை அழித்தேன். வட்டில் இடம் திரும்ப வரவே இல்லை. பாட்டில்கள் எல்லாம் பயனர் கோப்புறையில் மறைந்திருக்கிற லைப்ரரிக்குள், அப்ளிகேஷன் சப்போர்ட்டில், கிராஸ்ஓவர் என்ற பெயரில் அப்படியே உட்கார்ந்திருந்தன. செயலியை அழித்தால் அவை போகாது. 60 ஜிபிக்கு மேல் அங்கே இருந்தது. அழிப்பதாக இருந்தால் முதலில் செயலிக்குள்ளிருந்தே பாட்டிலை நீக்குங்கள். டைம் மெஷின் வைத்திருப்பவர்கள் அந்தக் கோப்புறையைக் காப்பு எடுப்பதிலிருந்து விலக்கிவிடுங்கள், இல்லையென்றால் பேக்கப் வட்டும் சேர்ந்து நிறையும்.

மேக்குக்கென்றே செய்த, கேபில் (எஞ்சின் ஓட்டுநர் அறையில்) உட்கார்ந்து ஓட்டுகிற விளையாட்டு ஒன்றாவது இருக்கட்டும் என்று ட்ரெய்ன்ஸ் பக்கம் போனேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஆரன் நிறுவனம் 2001-ல் தொடங்கியது, இப்போது என்3வி கேம்ஸ் கையில் இருக்கிறது. இதற்கு மேக் பதிப்பு பல ஆண்டுகளாக உண்டு. வாங்கும்போது உங்கள் பதிப்பு மேக்குக்கானதா, விண்டோஸுக்கானதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். நம்மவர்களுக்கு இதில் பெரிய ஈர்ப்பு, இந்திய எஞ்சின்களும் ஐசிஎஃப், எல்எச்பி பெட்டிகளும் நிறையக் கிடைப்பது. தடத்தை நாமே அமைக்கவும் முடியும். ஓட்டுவதற்கு இரண்டு முறைகள். டிசிசி முறையில் ஒரே குமிழைத் திருப்பினால் வண்டி போகும், பொம்மை ரயில் மாதிரி. கேப் முறையில் பிரேக் குழாயின் அழுத்தம் வரை நீங்களே பார்க்க வேண்டும். முதலில் டிசிசியில் பழகுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 20 பெட்டி வண்டியைக் கேப் முறையில் நிறுத்தப் போய் பிளாட்பாரத்தைத் தாண்டி அடுத்த லெவல் கிராசிங் வரை போயிருக்கிறேன்.

ட்ரெய்ன்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் கூயிட் என்ற அடையாள எண் உண்டு. முன்பாதி அதைச் செய்தவர், பின்பாதி அந்தப் பொருள். ஒரு தடம் நூற்றுக்கணக்கான கூயிட்களைக் கேட்கும். டவுன்லோட் ஸ்டேஷன் என்ற அவர்களுடைய களஞ்சியத்தில் இருப்பவை தானாக வந்துவிடும். அங்கே இல்லாதவை "காணவில்லை" என்று சிவப்பாக நிற்கும், அவற்றை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இலவசமாக இறக்குபவர்களுக்கு வேகத்திலும் அளவிலும் கட்டுப்பாடு உண்டு, ஃபர்ஸ்ட் கிளாஸ் டிக்கெட் என்று காசு கட்டினால் அது நீங்கும். இதைவிடப் பெரிய பொறி, பதிப்பு எண். ஒவ்வொரு பொருளும் எந்தப் பதிப்பில் செய்தது என்ற எண்ணைச் சுமந்துகொண்டிருக்கும். உங்கள் விளையாட்டைவிடப் புதிய எண் இருந்தால் அது ஏறாது. தனியார் ஆட்ஆன் கடை ஒன்றில் "எல்லாப் பதிப்புக்கும்" என்று போட்டிருந்ததை நம்பி ஒரு எஞ்சின் தொகுப்பு வாங்கினேன், 1,800 ரூபாய். என் பதிப்புக்கு அது புதியது. அஞ்சல் அனுப்பினேன், "அப்டேட் செய்துகொள்ளுங்கள் பிரதர்" என்று ஒரு வரி பதில். அதிலிருந்து எந்தத் தனிக்கடையிலும் பணம் கட்டும் முன் ஒரே கேள்வியைத்தான் எழுதிக் கேட்கிறேன்: என் விளையாட்டின் பதிப்பு எண் இது, மேக், ஓடுமா? எழுத்தில் பதில் வராவிட்டால் வாங்குவதில்லை.

இடம் போதாமல் 1 டிபி வெளிவட்டு ஒன்று வாங்கினேன். அது நல்ல முடிவுதான், ஆனால் விண்டோஸிலும் செருகலாமே என்று எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வைத்தது தொல்லை ஆயிற்று. ரயில் விளையாட்டுகளில் பொடிப்பொடியான கோப்புகள் லட்சக்கணக்கில் இருக்கும். எக்ஸ்ஃபேட்டில் ஒரு சின்னக் கோப்பும் பெரிய துண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 40 ஜிபி என்று நினைத்து நகர்த்தியது அங்கே போய் அதைவிட வெகுவாக வீங்கியது, திறக்கவும் நேரம் பிடித்தது. எல்லாவற்றையும் நகலெடுத்து, மேக்குக்கான ஏபிஎஃப்எஸ் வடிவத்துக்கு மாற்றி, மறுபடி நகலெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. வட்டு வாங்கிய அன்றே ஏபிஎஃப்எஸ் ஆக்கிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு, காசே கேட்காத ஒன்றில்தான் நான் அதிகம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஓபன்பிவிஇ. ஜப்பானில் பிறந்த பிவிஇ என்ற ரயில் விளையாட்டின் தடங்களை ஓட்டுவதற்காகத் தன்னார்வலர்கள் செய்த திறமூல மென்பொருள், மேக்கிலும் ஓடும். மோனோ என்ற இன்னொரு மென்பொருளை முதலில் நிறுவ வேண்டும். ஆப்பிள் சரிபார்த்த செயலி இல்லை என்பதால் முதல் முறை திறக்க விடாது. முன்பெல்லாம் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் போதும். 2024-ல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவிலிருந்து அது செல்லாது. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குப் போய், கீழே "ஓபன் எனிவே" தட்ட வேண்டும். ஜப்பானியத் தடங்களின் கோப்புகளில் சிலவற்றில் ஸ்டேஷன் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். பழைய ஷிஃப்ட்-ஜிஸ் எழுத்துக் குறியீடு அது. தொடக்கத்தில் தடத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே குறியீட்டை மாற்றிக்கொள்ளலாம்.

அதன் படத்தரம் பத்துப் பதினைந்து ஆண்டு பழையது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டும் அனுபவம் அபாரம். பர்மிங்காம் கிராஸ் சிட்டி சவுத் என்ற பிரிட்டிஷ் தடத்தைப் போட்டுப் பாருங்கள். பச்சை சிக்னலை நெருங்கினால் கேபில் மணி அடிக்கும். மஞ்சளோ சிவப்போ வந்தால் ஹாரன் ஒலிக்கும், உடனே பொத்தானை அழுத்தி ஒப்புக்கொள்ளாவிட்டால் எமர்ஜென்சி பிரேக் விழும். அங்கேயும் பச்சை, இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு என்ற நால்வகை சிக்னல்தான். சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் முன்பெட்டியில் நின்று எட்டிப் பார்த்தவர்களுக்கு இரட்டை மஞ்சளைப் பார்த்ததும் கை தானாக வேகத்தைக் குறைக்கும். இந்த ஒன்றுக்காகவே புதியவர்கள் அமெரிக்கத் தடங்களைவிடப் பிரிட்டிஷ் தடங்களில் தொடங்குவது எளிது என்பேன். அமெரிக்காவில் ரயில் கம்பெனிக்குக் கம்பெனி சிக்னல் ஒரு விதம், தலை சுற்றும். ஒரு வாரம் இதை ஓட்டிய பிறகும் ஆசை அடங்காவிட்டால் அப்போது பணத்தை எடுங்கள். நான் இதைக் கடைசியாகக் கண்டுபிடித்தேன்.

விசைப்பலகை பற்றி யாரும் சொல்லவே மாட்டார்கள். இந்த விளையாட்டுகள் எஃப்1 முதல் எஃப்12 வரை தாராளமாகப் பயன்படுத்தும். மேக்கிலோ அவை திரை வெளிச்சமும் ஒலியும். வேகக் கருவியைப் பார்க்க அழுத்தினால் திரை இருட்டாகும். கீபோர்டு அமைப்பில் அவற்றை வழக்கமான எஃப் விசைகளாக மாற்றிவிடுங்கள். கன்ட்ரோலும் அம்புக்குறியும் சேர்ந்தால் மேக் அடுத்த டெஸ்க்டாப்புக்குத் தாவிவிடும். அதையும் குறுக்குவழிப் பட்டியலில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கேமராவைத் திருப்பும்போது ரயில் மறைந்து உங்கள் அலுவலகக் கோப்பு வந்து நிற்கும். ட்ரெய்ன் சிமுலேட்டர் கிளாசிக்கில் எமர்ஜென்சி பிரேக் பேக்ஸ்பேஸ் விசை, மேக்கில் அதன் மேல் டிலீட் என்று எழுதியிருக்கும். ஓபன்பிவிஇ-யின் கேமராவுக்கு எண்பலகை வேண்டும், மேக்புக்கில் அது கிடையாது. சில நூறு ரூபாய்க்குத் தனி யூஎஸ்பி எண்பலகை கிடைக்கிறது. நான் செலவழித்ததில் மிக உருப்படியானது அதுதான்.

திரையின் முழு நுணுக்கத்தில் ஓட்டாதீர்கள். 13 அங்குல ஏரின் திரை 2560×1600. அதை விளையாட்டுக்குள் 1440×900-க்கு இறக்கியதும் பாதிச் சிக்கல் போனது, கண்ணுக்குப் பெரிய வித்தியாசமும் இல்லை. நொடிக்கு 30 படச்சட்டங்கள் என்று பூட்டிவிடுங்கள். ரயிலுக்கு அது போதும், சூடும் குறையும். நிழலைக் குறையுங்கள், மரங்களைக் குறைக்காதீர்கள். மரம் இல்லாத தடம் ஓட்ட லாயக்கில்லை, இது என் தனிப்பட்ட கருத்து.

கேபில் உட்கார வேண்டும் என்று அடம்பிடிக்காதவர்களுக்கு மேக் இவ்வளவு கஞ்சம் இல்லை. தடம் போட்டு, வண்டி வாங்கி, ஊர் வளர்ப்பதுதான் பிடிக்கும் என்றால் ட்ரான்ஸ்போர்ட் ஃபீவர் 2 மேக்கில் நேரடியாக இருக்கிறது. ஓபன்டிடிடி இலவசம், எந்தப் பழைய மேக்கிலும் பறக்கும். என் அக்கா மகன் அதில்தான் இருக்கிறான், என் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

கடைசியாகப் புதுப்பிப்பு விவகாரம். 2019-ல் மேக்ஓஎஸ் கேட்டலீனா வந்தபோது 32-பிட் செயலிகள் அத்தனையும் ஒரே இரவில் திறக்காமல் போயின. பழைய மேக் ரயில் விளையாட்டுகள் பல அதோடு முடிந்தன. எங்காவது பழைய மேக் குறுந்தகடோ குறியீடோ மலிவாகக் கிடைத்தால் 64-பிட்டா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். இப்போது வரிசையில் நிற்பது ரொசெட்டா. இன்டெல் நிரல்களை எம் சில்லில் ஓடவைக்கிற அந்த மொழிமாற்றியை மேக்ஓஎஸ் 27 வரை முழுமையாக வைத்திருப்போம், அதன்பின் சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் ஒரு பகுதியை விட்டுவைப்போம் என்று ஆப்பிள் 2025-ல் அறிவித்துவிட்டது. கிராஸ்ஓவரில் ஓடுகிற விண்டோஸ் விளையாட்டுகள் இன்று அதை நம்பித்தான் இருக்கின்றன. கிராஸ்ஓவரின் வேலையை இலவசமாகச் செய்த விஸ்கி என்ற செயலியை உருவாக்கியவர் 2025-ல் பராமரிப்பதை நிறுத்திக்கொண்டார், பழைய யோசனைகளைப் படித்துவிட்டு அதைத் தேடிப் போகாதீர்கள். நான் மேக்ஓஎஸ் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை அணைத்திருக்கிறேன். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஏற்கிறேன். புதிய பெரிய பதிப்பு வந்தால், கிராஸ்ஓவர்காரர்கள் அதற்கு ஏற்ற தங்கள் பதிப்பை வெளியிடும் வரை காத்திருக்கிறேன். அவர்களுடைய உரிமம் வாங்கினால் ஓராண்டுப் புதுப்பிப்புகள்தான் சேரும். அதன் பிறகும் செயலி ஓடும், ஆனால் புது மேக்ஓஎஸ்ஸுக்கு ஏற்ற பதிப்பு வேண்டுமென்றால் மறுபடி காசு. என் ஓராண்டு முடியப் போகிறது. புதுப்பிப்பதா, அந்தப் பணத்தை ஒரு பழைய விண்டோஸ் டெஸ்க்டாப்புக்குச் சேர்ப்பதா என்று வீட்டில் இன்னும் பேச்சைத் தொடங்கவில்லை.